தொட்டிலின் கணக்கு வேறு, கட்டிலின் கணக்கு வேறு

சிசு இறப்பு விகிதம், பேறுகால இறப்பு விகிதம் என்ற இரண்டு எண்களும் செய்திகளில் இரட்டைப் பிள்ளைகளைப்போல எப்போதும் சேர்ந்தே வருகின்றன. அதனால் ஒன்று குறைந்தால் மற்றதும் தானாகக் குறைந்துவிடும், இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான் என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்துவிடுகிறது. அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதைப் புரிந்துகொள்ள, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் நடந்ததைப் பார்ப்பது நல்லது. அங்கே பிறப்பும் இறப்பும் ஒன்றுவிடாமல் பதிவாயின. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு சுகாதார அதிகாரி இருந்தார். ஆண்டுதோறும் தன் ஊரில் எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று அறிக்கை அச்சிட்டு நகர மன்றத்தின் முன் வைத்தார். கணக்கு அத்தனை சுத்தமாக இருந்ததால்தான் தொட்டிலின் கதையையும் கட்டிலின் கதையையும் இன்று தனித்தனியாகப் பிரித்துப் படிக்க முடிகிறது.

முதலில் அடிப்படை. ஓர் ஊரில் ஓர் ஆண்டில் உயிரோடு பிறந்த குழந்தைகளை எண்ணிக்கொள்ளுங்கள். அதே ஆண்டில், முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்த குழந்தைகளையும் எண்ணுங்கள். ஆயிரம் பிறப்புக்கு எத்தனை இறப்பு என்பதே சிசு இறப்பு விகிதம். ஓர் ஊரில் 1,500 குழந்தைகள் பிறந்து 45 குழந்தைகள் இறந்தால் விகிதம் 30. வயிற்றிலேயே இறந்து பிறக்கும் குழந்தைகள் இதில் சேரமாட்டார்கள். அவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. பேறுகால இறப்பு விகிதம் என்பது கருவுற்றதாலோ பிரசவத்தாலோ அதையொட்டிய நாட்களிலோ இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை. இன்று அதை லட்சம் பிறப்புக்கு இத்தனை என்று சொல்கிறோம். அன்று ஆயிரத்துக்குத்தான் சொன்னார்கள். அந்த மாற்றமே ஒரு நல்ல செய்திதான், ஆனால் அதற்குப் பிறகு வருவோம்.

இப்போது இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1900-ஐ ஒட்டி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். ஏழு குழந்தைகளில் ஒன்று. 1934-இல் அந்த எண் 60-க்கு வந்துவிட்டது. பாதிக்கும் மேல் குறைந்தது. அதே காலத்தில் தாய்மார்களின் கணக்கு என்ன ஆயிற்று? 1900-ஐ ஒட்டி ஆயிரத்துக்கு 4-க்கும் 5-க்கும் இடையில் இருந்தது. 1934-லும் 4-க்கு மேலேதான் நின்றது. முப்பத்து நான்கு ஆண்டு நீண்ட அந்தக் காலத்தில் சாக்கடை வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் உரிமமும் கட்டாயமாக்கிய 1902-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, தாய்சேய் நலச் சட்டம் 1918-இல் வந்தது. குழந்தைகள் பிழைத்தார்கள். தாய்மார்கள் முன்போலவே இறந்துகொண்டிருந்தார்கள்.

ஏன்?

ஏழை எளியவர்கள்தான் அதிகம் இறந்திருப்பார்கள் என்று சொல்லத் தோன்றும். குழந்தைகளைப் பொறுத்தவரை அது முழு உண்மை. தந்தையின் தொழிலை வைத்து மக்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துக் கணக்கெடுப்பது அந்நாட்டில் அன்றைய வழக்கம். முதல் வகுப்பில் வழக்கறிஞரும் மருத்துவரும் போன்றவர்கள். ஐந்தாம் வகுப்பில் மூட்டை தூக்குபவரும் குழி வெட்டுபவரும். 1930 முதல் 1932 வரையிலான கணக்கில் முதல் வகுப்பில் ஆயிரத்துக்கு 33 குழந்தைகள் இறந்தன. ஐந்தாம் வகுப்பில் 77. இரு மடங்குக்கும் மேல்.

தாய்மார்களின் கணக்கைத் திறந்தால் தலைகீழாக இருக்கிறது. அதே ஆண்டுகளில் மேல்தட்டு வகுப்புகளில் ஆயிரத்துக்கு 4.44 தாய்மார்கள் இறந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் 3.89. வசதியான வீட்டுப் பெண்ணே சற்று அதிகமாக இறந்திருக்கிறாள். வேறெந்த நோயிலும் இப்படி ஒரு கணக்கைக் காண்பது அரிது. இதைப் படிக்கும்போது எனக்கு இன்னமும் மனம் பதறுகிறது. நல்ல சாப்பாடு, காற்றோட்டமான அறை, பணிவிடைக்கு ஆள், காசு கொடுத்து அழைத்த டாக்டர், இத்தனையும் இருந்த பெண்ணைக் காப்பாற்ற அவை எதுவும் உதவவில்லை.

காரணம் அந்த டாக்டரிடம்தான் ஓரளவு இருந்தது. கூலிக்காரரின் மனைவிக்கு மருத்துவச்சி பிரசவம் பார்த்தாள். வலி எடுத்துப் பிள்ளை தானாக வரும்வரை காத்திருப்பதே அவள் கற்ற பாடம். கருவியைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. வசதியான பெண்ணுக்கு வந்த குடும்ப மருத்துவருக்கோ காத்திருக்க நேரமில்லை. கல்லூரியில் அவர் பார்த்த பிரசவங்கள் சொற்பம். மயக்க மருந்து கொடுத்து, ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். காலையில் தொண்டைப் புண்ணைப் பார்த்த அதே கைகள் மாலையில் பிரசவம் பார்த்தன. கிழிசல், உதிரப்போக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரசவக் காய்ச்சல். கருப்பைக்குள் கிருமி புகுந்து இரத்தத்தில் கலந்து சில நாட்களில் ஆளைக் கொண்டுபோகும் அந்தக் காய்ச்சல்தான் முதல் எமன். கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பிரசவம் பார்ப்பவரின் மூக்கிலும் தொண்டையிலும்கூட அது குடியிருந்து தாய்க்குப் போய்ச் சேர்கிறது என்பதை டோரா கோல்புரூக் என்ற மருத்துவர் 1930களின் நடுவில் நிரூபித்தார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு பிரசவம் பார்க்கும் வழக்கம் உறுதிப்பட்டதற்கு அந்த ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம்.

ஆக, குழந்தையின் உயிர் பெரும்பாலும் வீட்டின் கையில் இருந்தது. தாயின் உயிர் பிரசவம் பார்ப்பவரின் கையில் இருந்தது. கட்டுரையின் மையம் இதுதான்.

ராச்டேல்: கூலி உயரவில்லை, சாவு குறைந்தது

இதற்கு அன்று லங்காஷயர் மாவட்டத்தில் இருந்த ராச்டேல் நகரத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. பருத்தி ஆலைகளின் ஊர். கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு 1844-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடையால் தெரிந்திருக்கும். மக்கள் தொகை ஏறக்குறைய 90,000. இருபதுகளின் கடைசியில் அங்கே பேறுகால இறப்பு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 9. நாட்டுச் சராசரியைப்போல இரு மடங்கு. ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகள் பிறக்கும் ஊரில் அதற்கு என்ன பொருள்? ஆண்டுதோறும் பத்துப் பேர் அளவுக்கு இளம் பெண்கள், தெருவுக்குத் தெரு எல்லோருக்கும் பெயர் தெரிந்தவர்கள், பிள்ளை பெறப் போய்த் திரும்பவில்லை. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் ஊரில் சொல்வதை அந்த ஊர்க்காரிகள் சொல்லாமலே உணர்ந்திருப்பார்கள்.

1930-இல் ஆண்ட்ரூ டாப்பிங் என்பவர் அங்கே சுகாதார அதிகாரியாக வந்தார். அவர் வந்த நேரம் எப்படிப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உலகப் பொருளாதார மந்தம். ஆலைகள் மூடிக் கிடந்தன, பாதித் தெரு வேலையின்றி நின்றது. வறுமைதான் தாய்மார்களைக் கொல்கிறது என்றால், அந்த ஆண்டுகளில் ராச்டேலின் எண் மேலும் ஏறியிருக்க வேண்டும். நடந்தது வேறு. டாப்பிங் வீட்டைக் கட்டித் தரவில்லை, கூலியை உயர்த்தவில்லை. அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. பேறுகாலத்துக்கு முன்பே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுக்கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் பெண்களிடம் பேசினார். கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நிலையத்தைச் செம்மைப்படுத்தினார். அவசரப்பட்டு ஆயுதம் போடாதீர்கள், சிக்கல் என்றால் நிபுணரை உடனே கூப்பிடுங்கள், மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்று ஊர் டாக்டர்களிடம் மன்றாடினார். நாலைந்து ஆண்டுகளில் விகிதம் 3-க்கும் கீழே இறங்கியது.

இங்கே தொடக்கநிலை வாசகர் ஒருவர் எழுப்ப வேண்டிய நியாயமான சந்தேகம் உண்டு. சிறிய ஊரில் ஓர் ஆண்டு அதிர்ஷ்டவசமாகச் சாவு குறைந்தாலும் விகிதம் சரிந்துவிடாதா? சரியும். ஆயிரம் பிறப்பு நடக்கும் ஊரில் ஒரே ஒரு தாய் கூடுதலாக இறந்தால் விகிதத்தில் முழுதாக ஒன்று ஏறும். ஆகவே சிறிய ஊர்களின் பேறுகால இறப்பை ஓராண்டு எண்ணை வைத்துப் பேசவே கூடாது. சில ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துத்தான் பேச வேண்டும். ராச்டேலில் ஏற்றமும் பல ஆண்டுச் சராசரி, இறக்கமும் பல ஆண்டுச் சராசரி. அதனால்தான் அது நம்பத்தக்கது. சிசு இறப்புக்கு இந்தத் தொல்லை குறைவு. எண்ணிக்கை பெரியது என்பதால் அது ஒரு சாவுக்கு அவ்வளவு ஆடாது.

நாடு முழுவதற்குமான திருப்பம் 1930களின் நடுவில் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. 1936-ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் உள்ளாட்சிகளைச் சம்பளத்துக்கு மருத்துவச்சிகளை அமர்த்தச் செய்தது. அதுவரை பிரசவத்துக்கு இவ்வளவு என்று வாங்கி, அதுவும் பல வீடுகளில் வராமல் போய், பிழைப்புக்கு அல்லாடிய மருத்துவச்சிக்கு மாதச் சம்பளமும் ஓய்வு நாளும் கிடைத்தன. அதே ஆண்டு லண்டன் குவீன் சார்லட்ஸ் மருத்துவமனையில் லெனார்டு கோல்புரூக், மேவ் கென்னி இருவரும் பிரான்டோசில் என்ற, கிருமியை அடக்கும் சல்ஃபா வகை மருந்தைப் பிரசவக் காய்ச்சல் கண்ட பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் கொடுத்த 38 பேரில் இறந்தவர்கள் 3 பேர். அதற்கு முன் நாலைந்து பேரில் ஒருவர் இறந்துகொண்டிருந்த வார்டு அது. லெனார்டு, முன்பு சொன்ன டோராவின் அண்ணன். ஒரே குடும்பத்தில் தங்கை நோய் பரவும் வழியைக் கண்டார், அண்ணன் மருந்தைச் சோதித்தார்.

அடுத்து வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பிள்ளை பிறந்தபின் கருப்பையைச் சுருங்கவைத்து உதிரப்போக்கை நிறுத்தும் எர்கோமெட்ரின் 1935-இல் பிரித்தெடுக்கப்பட்டது. போர்க்காலம் இரத்த வங்கியைத் தந்தது, அதன் இறுதியில் பெனிசிலின் வந்தது. வீட்டில் பிரசவமான பெண்ணுக்கு இரத்தம் கொட்டினால், டாக்டரும் நர்ஸும் இரத்தப் புட்டிகளோடு மருத்துவமனையிலிருந்து வாகனத்தில் அவள் படுக்கைக்கே விரையும் பறக்கும் படைகள் உருவாயின; நியூகாசிலில் அது 1935-லேயே தொடங்கிவிட்டது. 1950-இல் பேறுகால இறப்பு ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே போனது. 1960-இல் 0.4. ஆயிரத்துக்கு என்று சொன்னால் தசமப் புள்ளியில்தான் சொல்ல முடியும் என்ற நிலை. லட்சத்துக்கு என்று சொல்ல ஆரம்பித்தது அதனால்தான்.

1952-இல் தொடங்கிய ஒரு நடைமுறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பேறுகாலத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் கதையையும், பெயரை நீக்கி, நிபுணர்கள் படித்தார்கள். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, இந்தச் சாவைத் தடுத்திருக்க முடியுமா என்ற ஒரே கேள்விக்காக. பதில்களைத் தொகுத்து மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியிட்டார்கள். விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு எத்தனை பேர் என்பது தெரியும். இந்த ஏற்பாடு எங்கே, யார் கையில், எதைத் தவறவிட்டதால் என்பதைச் சொன்னது. பிற நாடுகள் பின்னாளில் பார்த்துச் செய்த முறை இது. தமிழ்நாட்டிலும் இன்று பேறுகால இறப்புகள் ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யப்படுகின்றன.

ஒரு வீட்டுப் பிரசவம்

1950களில்கூட இங்கிலாந்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை வீட்டில்தான் பிறந்தது. 1948 ஜூலை 5-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியதும் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடவில்லை. மாறாக, வீட்டுக்கு வரும் மருத்துவச்சி அன்றிலிருந்து கட்டணம் இல்லாமல் வந்தாள்.

பேறுகாலத்துக்குச் சில வாரம் முன்பே அவள் வந்து அறையைப் பார்ப்பாள். கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போடச் சொல்வாள், இரு பக்கமும் நின்று வேலை பார்க்க வேண்டும் அல்லவா. பழைய செய்தித்தாள்களையும் பழுப்புக் காகிதத்தையும் சேர்த்து வைக்கச் சொல்வாள். மெத்தையைக் காக்க அவை விரிப்பின் கீழே போகும். கிருமி நீக்கிய பஞ்சும் துணியும் அடங்கிய பொட்டலத்தை உள்ளாட்சி இலவசமாகக் கொடுத்தது. வலி எடுத்ததும் கணவர் தெருமுனை டெலிபோன் பெட்டிக்கு ஓடுவார். மருத்துவச்சி சைக்கிளிலோ சிறிய காரிலோ கறுப்புப் பையோடு வருவாள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வயிற்றில் வைக்கும் சின்னப் புனல்போன்ற பினார்டு குழல் அந்தப் பையில் இருக்கும். தாயை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிரசவம் பார்ப்பது அன்றைய இங்கிலாந்து வழக்கம். பிறந்த குழந்தையைத் துணியில் தூளிபோலக் கட்டி, சுருள்வில் தராசின் கொக்கியில் மாட்டி எடை பார்ப்பாள். நஞ்சுக்கொடி பல வீடுகளில் கணப்பு நெருப்பில் போனது.

அதன்பின் முதல் மூன்று நாள் காலையும் மாலையும், பிறகு நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரம் வரை அவள் வந்துகொண்டிருந்தாள். காய்ச்சல் பார்ப்பாள், கருப்பை சுருங்குகிறதா என்று வயிற்றை அழுத்திப் பார்ப்பாள், தொப்புள் காய்ந்ததா என்று பார்ப்பாள். ஆதிக்கம் செலுத்திய அக்கால நம்பிக்கைப்படி தாய் ஒரு வாரத்துக்கும் மேல் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. காலில் இரத்தம் உறைந்துவிடும் ஆபத்து தெரியவந்த பிறகே, சீக்கிரம் எழுந்து நடங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

வலிக்கு என்ன செய்தார்கள் என்று பெண் வாசகர்கள் கட்டாயம் கேட்பீர்கள். லிவர்பூல் மருத்துவர் மின்னிட் 1933-இல் ஒரு கருவி செய்திருந்தார். நைட்ரஸ் ஆக்சைடும் காற்றும் கலந்து, வலி வரும்போது தாயே முகமூடியை எடுத்து இழுத்துக்கொள்ளலாம். 1936-இல் மருத்துவச்சிகள் அதைப் பயன்படுத்த அனுமதி வந்தது. ஆனால் கருவி கனமானது, சைக்கிளில் ஏற்ற முடியாது. உடன் இன்னொருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஆரம்பத்தில் இருந்தது. 1946 மார்ச்சில் ஒரு வாரத்தில் பிரிட்டனில் பிள்ளை பெற்ற 13,687 தாய்மார்களிடம் வீடு தேடிப் போய்க் கேள்வி கேட்டார்கள். வீட்டில் பெற்றவர்களில் வலி நிவாரணம் கிடைத்தவர்கள் சிறுபான்மையினரே என்பது அதில் தெரிந்தது. அனுமதி வந்து பத்தாண்டு கழித்தும் நிலைமை அதுதான். உயிரைக் காக்கும் மருந்து விரைந்து பரவியது, வேதனையைக் குறைக்கும் மருந்து ஊர்ந்து வந்தது. பெண்ணின் வலி காத்திருக்கட்டும் என்ற மனப்பான்மையை இதில் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தொட்டிலின் பக்கம்

இனி குழந்தைகள். ஒரு வயதுக்குள் நிகழும் சாவை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும். முதல் நான்கு வாரத்துச் சாவு ஒன்று. அதற்குப் பிந்தைய பதினொரு மாதத்துச் சாவு இன்னொன்று. முதல் வகைக்குக் காரணங்கள் குறைமாதம், பிறவிக் குறை, பிரசவக் காயம். இரண்டாம் வகைக்கு வயிற்றுப்போக்கு, நிமோனியா, கக்குவான் இருமல். நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பங்கு இரண்டாம் வகை. கோடையில் கெட்டுப்போன பால் புட்டிக்குள் போய் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கொன்றது. 1950-இல் மொத்த விகிதம் 30-க்கு வந்தபோது அதில் சுமார் 18 முதல் நான்கு வாரத்துச் சாவுகள். அதாவது வீட்டால் வரும் சாவு வெகுவாகக் கரைந்து, பிறப்போடு வரும் சாவு எஞ்சி நின்றது.

கரைத்தது எது? ஒரே பதில் கிடையாது, ஆனால் என் மனம் முதலில் ஹெல்த் விசிட்டரிடம்தான் போகிறது. 1907-இல் வந்து 1915-இல் கட்டாயமான ஒரு சட்டப்படி, பிள்ளை பிறந்த 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போக வேண்டும். பதிவாளரிடம் சாவகாசமாகப் பெயர் பதிவது வேறு, இது வேறு. இந்தத் தகவலின் பேரில்தான் மருத்துவச்சி விடைபெறும் சமயத்தில் ஹெல்த் விசிட்டர் கதவைத் தட்டினார். அவர் நர்ஸாகப் பயின்றவர். ஊசி போட வரவில்லை, பார்க்கவும் பேசவும் வந்தார். குழந்தை எங்கே தூங்குகிறது, புட்டியை எப்படிக் கழுவுகிறார்கள், தாய் சாப்பிட்டாளா, சுவரில் ஈரம் ஊறுகிறதா.

பிறகு வாரம் ஒரு பிற்பகல், தேவாலயக் கூடத்திலோ நகராட்சிக் கட்டடத்திலோ குழந்தைகள் நல நிலையம் கூடும். வெளியே வரிசையாகக் குழந்தை வண்டிகள். உள்ளே ஆடை களைந்த குழந்தைகள் துணியில் சுற்றித் தராசுக்குக் காத்திருக்கும்; எடையை அட்டையில் குறிப்பார்கள். ஒரு மேசையில் ஆரஞ்சுச் சாற்றுப் புட்டிகள், மீன் எண்ணெய்ப் புட்டிகள், அரசின் பால் பவுடர் டப்பாக்கள். இந்த மேசை போரின் கொடை. 1940 ஜூலையில் தொடங்கிய பால் திட்டத்தில் கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் நாளுக்கு ஒரு பைண்ட் பால், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகம், இரண்டு பென்னிக்குக் கிடைத்தது; ஏழைகளுக்கு இலவசம். 1941 டிசம்பரில் வைட்டமின் திட்டம் சேர்ந்தது. கர்ப்பிணியின் ரேஷன் புத்தகம் பச்சை நிறம். அதைக் காட்டினால் பாலுக்கும் முட்டைக்கும் பழத்துக்கும் முன்னுரிமை. கடைக்காரர் ஆள் பார்த்துக் கொடுக்க முடியாது. காசுள்ளவருக்கு மட்டும் கிடைத்த பால் தேவையுள்ளவருக்குப் போய்ச் சேர்ந்தது.

குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் என்ன நடந்தது பாருங்கள். 1939-இல் 51-ஆக இருந்த சிசு இறப்பு விகிதம் 1941-இல் 60-க்கு ஏறியது, பிறகு இறங்கி 1945-இல் 46-க்கு வந்தது. இறந்து பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 38 என்பதிலிருந்து 28 ஆனார்கள். தாயின் தட்டில் விழுந்த சாப்பாட்டுக்கு இதில் பங்கு உண்டு என்று அக்காலத்தவர் பலர் நம்பினார்கள். எவ்வளவு பங்கு என்று பிரித்து நிறுவுவது கடினம், ஏனென்றால் வேலையின்மையும் அதே நேரத்தில்தான் ஒழிந்தது. தொண்டை அடைப்பான் தடுப்பூசியும் 1940-லிருந்து நாடு முழுவதும் போடப்பட்டது.

எஞ்சி நின்ற முதல் வாரங்களின் சாவுக்கு வேறு வகை வேலை தேவைப்பட்டது. பர்மிங்ஹாமின் சொரெண்டோ மகப்பேறு மருத்துவமனையில் மேரி கிராஸ் 1931-இல் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார், நாட்டில் முதலாவது. ஐந்தரைப் பவுண்டுக்கு, அதாவது இரண்டரைக் கிலோவுக்குக் குறையாத குழந்தை பிழைக்கும், குறைந்தால் விதி என்று விட்டுவிட்ட காலம் அது. சூடு, துளித்துளியாகப் பால், தொற்று அண்டாமை, இந்த மூன்றிலும் அசாத்தியப் பொறுமை. நியூகாசிலில் 1940களில் இதையே வீட்டில் செய்து காட்டினார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் தினமும் வீட்டுக்குப் போய்க் குறைமாதக் குழந்தையைப் பார்த்தாள். ஆனால் இந்தத் துறை ஒரு கொடிய விலையும் கொடுத்தது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன்தான் அவர்களில் பலரைக் குருடாக்குகிறது என்பது 1950களில்தான் உறுதியானது. உயிரைக் காக்க எண்ணிச் செய்ததே பார்வையைப் பறித்தது. மூச்சுக்காற்றையும் அளந்து கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் அந்தக் குழந்தைகளிடமிருந்து கற்றார்கள்.

நியூகாசிலின் 1,142 குழந்தைகள்

வீடு குழந்தையை என்ன செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ். நியூகாசில் அபான் டைன் நகரத்தின் குழந்தை மருத்துவர். நிலக்கரியும் கப்பல் கட்டுதலும் அந்த வட்டாரத்தின் பிழைப்பு. முப்பதுகளிலேயே ஏழைப் பகுதிக் குழந்தைகளையும் வசதியானவர் வீட்டுக் குழந்தைகளையும் ஒப்பிட்டு, ஏழைக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உடல்நலம் குன்றி இருப்பதை நகரத்துக்கு எடுத்துச் சொன்னவர். போர் முடிந்ததும் அவர் தன் குழுவோடு ஒரு பெரிய காரியத்தில் இறங்கினார். 1947 மே, ஜூன் மாதங்களில் அந்த நகரத்தில் பிறந்த 1,142 குழந்தைகளையும் ஒன்றுவிடாமல் பின்தொடர்ந்தார்கள். ஹெல்த் விசிட்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு சளியும் இருமலும் வயிற்றுப்போக்கும் விழுந்து அடிபட்டதும் குறிப்பேறின. எத்தனை அறை, எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் குறிப்பேறியது.

மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாத ஒன்று இதில் தெரிந்தது. குழந்தைப் பருவ நோயின் பெரும்பகுதி வார்டுக்கு வருவதே இல்லை. சமையலறையிலும் படுக்கையறையிலும் தாயின் மடியில் முடிந்துவிடுகிறது. அதில் மிகப் பெரும் பங்கு சளி, இருமல், மார்புத் தொற்று. நெரிசல் மிகுந்த வீட்டில் ஒருவர் இருமினால் எல்லாருக்கும் வரும், கடைசியில் தொட்டிலுக்கு வரும். பிரிட்டனில் 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதுகூட மூன்றில் ஒரு வீட்டுக்கும் மேல் குளிக்கும் தொட்டி இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஆறு மாதக் குழந்தையோடு தாய் போராடியதை ஸ்பென்ஸ் மிகுந்த மரியாதையோடு பார்த்தார். தன் மருத்துவமனையில் நோயுற்ற குழந்தையோடு தாயும் தங்கலாம் என்று இருபதுகளிலேயே இடம் கொடுத்தவர் அவர். மற்ற பல மருத்துவமனைகள் பெற்றோரை வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் மட்டுமே உள்ளே விட்ட காலம். கிருமி வரும், குழந்தை அழும் என்று காரணம் சொன்னார்கள். குழந்தைகள் வார்டில் பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று அரசுக் குழு ஒன்று பரிந்துரைக்க 1959 ஆயிற்று.

அதே 1959-இல் இன்னொரு குழு, கிரான்புரூக் குழு, பிரசவங்களில் 70 சதவீதம் மருத்துவமனையில் நடக்கப் படுக்கைகள் வேண்டும் என்றது. அதற்குப் பிறகு வீட்டுப் பிரசவம் வேகமாக மறைந்தது. அடுத்த ஆண்டு நாட்டின் சிசு இறப்பு விகிதம் 22. அறுபது ஆண்டில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆனால் வகுப்புவாரியாகப் பிரித்தால் பழைய இடைவெளி மாறவில்லை. முதல் வகுப்பிலும் குறைந்தது, ஐந்தாம் வகுப்பிலும் குறைந்தது; 1950களின் தொடக்கத்திலும் ஐந்தாம் வகுப்புக் குழந்தை இறக்கும் வாய்ப்பு முதல் வகுப்புக் குழந்தையைப்போல இரு மடங்குக்கும் மேல். சமூகவியல் அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ் 1943-லேயே இதைச் சுட்டிக்காட்டியிருந்தார். இலவச மருத்துவம் வந்தும் அந்த இடைவெளியை மூட முடியவில்லை. கட்டிலின் பக்கம் கைதேர்ந்த மருத்துவச்சியும் பெனிசிலினும் பதினைந்து ஆண்டில் செய்ததைத் தொட்டிலின் பக்கம் எந்த ஒரு மருந்தும் செய்யவில்லை.

நியூகாசில் குழு அந்தக் குழந்தைகளை ஒரு வயதோடு விட்டுவிடவில்லை. பள்ளி வயது முழுக்க, பதினைந்து வயது வரை தொடர்ந்தது. பிறகு 1990களின் இறுதியில், அவர்கள் ஐம்பது வயதை எட்டியபோது, வேறொரு தலைமுறை ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் பிடித்து மீண்டும் பரிசோதித்தார்கள். பிறந்தபோது இருந்த எடையும், முதல் ஆண்டில் வந்த மார்புத் தொற்றும், அன்று வாழ்ந்த வீடும் நடுவயது நுரையீரலிலும் இதயத்திலும் ஏதேனும் தடம் விட்டிருக்கின்றனவா என்று பார்க்க, 1947-இல் ஹெல்த் விசிட்டர்கள் சேர்த்த குறிப்புகளையே அவர்கள் மறுபடி எடுத்துப் படித்தார்கள்.